ஒட்டியதற்கு விளக்கம் கேட்டு

சுரக்குடி உத்திராபதியின் பல்லில் அடைத்திருந்த சிமெண்ட், பங்காளி வீட்டுக் கருமாதிப் பந்தியில், பருப்பு வடையைக் கடித்த மாத்திரத்தில் கழன்று வந்துவிட்டது. முதலில் கல் என்றுதான் நினைத்தார். இலையோரம் துப்பிவிட்டு நாக்கால் துழாவியபோது இடப்பக்கக் கடைவாயில் பெரிதாக ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள் எப்போதோ போய்விட்டன. மென்று தின்ன அவருக்கு மிச்சமிருந்தது இந்தப் பக்கம்தான். துப்பியதை எடுத்துக் கழுவி, பேப்பர் துண்டில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பாயசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்தார்.

ஒரு மாதத்துக்கு முன்னால்தான் காரைக்காலில் உள்ள கடலோரப் பல் பிணைப்பு ஆய்வு உயர்நிலையத்தில் அந்தப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்திருந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அது வெறும் பல்லாஸ்பத்திரி. வேருக்குள் கெட்டுப்போயிருந்த நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து, வேரை அடைத்து, அதற்கு மேல் பல் நிறத்தில் சிமெண்ட் வைத்து மூடினார்கள். பல்லும் சிமெண்டும் எவ்வளவு கெட்டியாக ஒட்டுகின்றன என்று ஆராய்வதற்காகவே ஏற்பட்ட நிலையம் அது. வாசலில் ‘பிணைப்பே எமது பெருமை’ என்று எழுதிய பலகை, ஒரு பக்க ஆணி கழன்று, கொஞ்சம் சாய்ந்து தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் உத்திராபதி பெரிதாகக் கவலைப்படவில்லை. அறுந்த பொத்தானைத் தையல்காரரிடம் கொண்டுபோகிற மாதிரி, கழன்றதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் திரும்ப வைத்துவிடுவார்கள், மதியத்துக்குள் வீடு திரும்பி நாற்றங்காலுக்குத் தண்ணீர் பார்க்கலாம் என்ற கணக்கில்தான் பஸ் ஏறினார்.

முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், “வலியா, வீக்கமா, ரத்தமா?” என்று கேட்டாள்.

“வுழுந்துடுச்சுங்க.”

“யாரு, நீங்களா?”

“சிமெண்டுங்க.”

அவள் கம்ப்யூட்டரை மேலும் கீழும் தேடினாள். “விழுந்ததுன்னு இதுல இல்லையே. வலின்னு போட்டுக்கவா?”

“வலி ஒண்ணும் இல்லீங்களே.”

“வலி இல்லாம உள்ள அனுப்ப முடியாதுங்க ஐயா.”

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. உத்திராபதி வலிக்கு ஒப்புக்கொண்டார்.

வேர்த்துறைத் தலைவர் டாக்டர் செந்தில்குமார் எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்து அறையில் இருந்த மாணவர்களையெல்லாம் கூப்பிட்டார். அவர்கள் உத்திராபதியைச் சுற்றி அரைவட்டமாக நின்றார்கள்.

“பாருங்க. நுனி வரைக்கும் போயிருக்கு. ஒரு இடத்துல இடைவெளி இருக்கா? இதுதான் வேர் சிகிச்சை. இதைப் பார்த்துட்டு மத்ததெல்லாம் பார்க்காதீங்க.”

“சார், மேல வச்ச சிமெண்டு...” என்று உத்திராபதி பொட்டலத்தைப் பிரித்தார்.

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அதைக் காட்டாதீங்க ஐயா. என் வேலை தரைக்குக் கீழ. மேல நடக்கிறதை நான் பார்க்கிறதே இல்ல. பார்த்தா அடுத்த துறையில தலையிட்ட மாதிரி ஆயிடும்.”

அடுத்த துறை எதிர் அறையில் இருந்தது. அடைப்புத் துறைத் தலைவர் டாக்டர் விஷ்ணுப்ரியா கழன்ற துண்டை நுண்ணோக்கியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அவர் முகமும் மலர்ந்தது.

“ஒரு கீறல் கிடையாது. ஓரம் உடையல, நிறம் மாறல. எங்க மெட்டீரியல் தோற்கவே இல்ல.”

“ஆனா கழண்டு வந்துடுச்சுங்களே மேடம்.”

“அது கழலல. உங்க பல்லு அதை விட்டுடுச்சு. நாங்க கையை நீட்டினோம், உங்க பல்லு பிடிச்சுக்கல. இதுல மெட்டீரியல் என்ன செய்யும்?”

சொந்தக்காரப் பையன் ஒருவன் நாலு பேர் முன்னால் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டது போல உத்திராபதிக்குக் கூச்சமாகிவிட்டது. “அப்ப இத இப்ப யாருங்க ஒட்டுறது?” என்றார்.

“வேர் அவங்களோடது. மெட்டீரியல் எங்களோடது. ரெண்டுக்கும் நடுவுல நடக்கிறது எந்தத் துறைக்கும் ஒதுக்கப்படல. நாங்க எழுதிக் கேட்டிருக்கோம்.”

எதிரெதிர் அறைதான் என்றாலும், ஒரு துறை இன்னொரு துறையை எதையாவது கேட்க வேண்டுமானால் புதுச்சேரியில் இருந்த நிலையத்தின் தலைமை அலுவலகத்துக்கு எழுதி, அவர்கள் பார்த்து இங்கே திருப்பி அனுப்பினால்தான் உண்டு. ஒரே நடையைக் கடக்கவேண்டிய காகிதம், கடலூர் வழியாகப் போய்க் கடலூர் வழியாகத் திரும்பும்.

வெளியே நடையில், வெள்ளைக் கோட்டு போட்ட மெலிந்த பெண் ஒருத்தி பின்னாலேயே வந்தாள். அவருக்கு அந்த சிமெண்டை வைத்தவள் அவள்தான். மேற்படிப்பு மாணவி, பெயர் எழில்மதி. கோட்டுச்சேரிமேட்டுக்காரி, அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர்.

“ஐயா, நான் வச்சதுதான் கழண்டுடுச்சு. மன்னிச்சுக்குங்க” என்றாள்.

உத்திராபதி பதறிப்போனார். அந்தக் கட்டடத்தில் யாரிடமிருந்தும் அவர் அப்படி ஒரு வார்த்தையை எதிர்பார்க்கவில்லை. “நீங்க என்ன பண்ணுவீங்க டாக்டரம்மா. என் பல்லுதான் விட்டுடுச்சாம்.”

“பல்லு மேல தப்பே இல்லைங்க ஐயா. வேரைச் சுத்தம் பண்ண ஒரு தண்ணி ஊத்துறோம்ல, அது துணி வெளுக்கிற மருந்து மாதிரி. கிருமியெல்லாம் செத்துடும், நல்ல மருந்துதான். ஆனா அது பட்ட பல்லுல உடனே சிமெண்டு வச்சா சரியா இறுகாது. ஒரு வாரம் பத்து நாள் விட்டு வைக்கணும், இல்லன்னா வைட்டமின் சி கரைசல் ஊத்தி அலசணும். ரெண்டும் செய்ய விடல. நானும் விட்டுட்டேன்.”

“ஏம்மா விடல?”

“கழுவுறது வேர்த்துறை. கழுவினப்புறம் அலசுறது அடைப்புத் துறைன்னு இவங்க சொல்றாங்க. அலசுறதும் கழுவுறதுதான், அது வேர்த்துறைன்னு அவங்க சொல்றாங்க. அந்தக் கரைசலைக் கேட்டு எழுதியிருக்கேன். புதுச்சேரி போயிருக்கு.” சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன குரல். அவள் மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருந்த ஆய்வே இதைப் பற்றித்தான் என்றும் சொன்னாள்.

நிலையத்தின் இயக்குநர் இந்த விஷயத்தை ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொண்டார். பல்லுக்கும் சிமெண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தைக் கவனிப்பதற்காக ‘இடைப்பட்ட இடக் குழு’ என்று ஒன்றை அமைத்து உத்தரவு போட்டார். குழு முடிவு சொல்கிறவரை அந்தப் பள்ளத்தை நிரந்தரமாக மூடக் கூடாது, மூடினால் சாட்சியம் போய்விடும் என்று அதில் இருந்தது. அதுவரை வெள்ளைக் களிம்பு ஒன்றைத் தற்காலிகமாக அப்பிவைப்பார்கள். அது ஒரு வாரம் தாங்கும். அந்தப் பக்கம் மெல்லக் கூடாது.

“எந்தப் பக்கம்தாங்க மெல்றது?” என்றார் உத்திராபதி.

“அது குழுவோட வரம்புக்குள்ள வரல” என்றார்கள்.

அப்படியாக வாராவாரம் களிம்புக்குப் போய் வரலானார். சனிக்கிழமை அகப்பட்டால் திருநள்ளாறு கூட்டத்தில் நின்றுகொண்டே போக வேண்டியிருக்கும். ஆற்றில் தண்ணீர் வந்து சேர்வதற்கும் சம்பா நடவுக்கும் அந்த வருஷம் ஏகப்பட்ட இழுபறி. கஞ்சியைக் குடித்துவிட்டு வயலில் இறங்கினால் பதினோரு மணிக்கே கண்ணைக் கட்டும். சட்டை தோளில் நிற்காமல் தொளதொளத்தது. அவர் மனைவி சொர்ணாம்பாள் சோற்றைக் குழைத்துக் குழைத்து அலுத்துப்போனாள்.

“ஊர்ல எல்லாரும் பல்லு வலின்னா போயி பல்லப் புடுங்கிட்டு வர்றாங்க. நீங்க ஒரு கமிட்டிய வாங்கிட்டு வந்திருக்கீங்க” என்றாள்.

“சும்மா இரு. படிச்சவங்க பாத்துக்கிட்டிருக்காங்க.”

“பாக்குறாங்க பாக்குறாங்கன்னு வாயத் தொறந்தே வச்சிருக்கீங்க. வேற டாக்டருகிட்டயாவது போங்களேன்.”

போகாமல் இல்லை. பஜாரில் இரண்டு பல் டாக்டர்களிடம் போய்ப் பார்த்தார். ஒருவர் களிம்பைச் சுரண்டப் போன கையை, உயர்நிலையத்தின் பெயரைக் கேட்டதும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இன்னொருவர், “விசாரணையில இருக்கிற பல்லுங்க. நாளைக்கு என்னையும் கூப்பிட்டு உட்கார வச்சுட்டா?” என்று எழுந்து வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

குழுவின் முதல் கூட்டத்துக்கு உத்திராபதியையும் கூப்பிட்டிருந்தார்கள். நீள மேசையின் இந்தக் கோடியில் செந்தில்குமார், அந்தக் கோடியில் விஷ்ணுப்ரியா, நடுவில் இயக்குநர். எழில்மதி சுவரோரம் நின்றாள். உத்திராபதிக்கு நாற்காலி இருந்தது; சாய்ந்து வாயைத் திறந்துகொள்கிற நாற்காலி.

“இதே மெட்டீரியலை, இதே முறையில, நம்ம லேபுல பரிசோதிச்சிருக்கோம்” என்றார் விஷ்ணுப்ரியா. “பிணைப்பு அபாரம். இழுத்துப் பார்த்தோம், தள்ளிப் பார்த்தோம். மெஷின்தான் களைச்சுப் போச்சு.”

உத்திராபதி, பல்லைப் பார்க்க வாய்க்குள் விட்டிருந்த சின்னக் கண்ணாடியை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். “அது யாரு பல்லுங்க மேடம்?”

“மாட்டுப் பல்லு.”

அவர் வீட்டில் இரண்டு மாடுகள் இருந்தன. அதனால் அக்கறையோடு கேட்டார். “அடைச்சப்புறம் அந்த மாடு நல்லா அசை போட்டுச்சுங்களா?”

“மாடு ஏது? பல்லு மட்டும்தான்.”

“அதனாலதான் முடிவு அவ்வளவு சுத்தமா வருது” என்று இயக்குநர் விளக்கினார். “வாய், எச்சில், சாப்பாடு, பேச்சு, இந்தத் தொந்தரவெல்லாம் அதுல கிடையாது. ஒரு பல்லோட உண்மையான தரம் தெரியணும்னா அதைச் சுத்தி ஆள் இருக்கக் கூடாது.”

எழில்மதி மெல்ல, “சார், அந்த லேப் பற்களை நாம வெறும் தண்ணியில கழுவினோம். இவர் பல்லை வெளுக்கிற மருந்துல கழுவினோம். அதுக்கப்புறம் அலசியிருந்தா...” என்று ஆரம்பித்தாள்.

இரண்டு துறைத் தலைவர்களும், அந்த வருஷத்தில் முதல்முறையாக, ஒரே குரலில் சொன்னார்கள். “அது இப்ப விவாதத்துல இல்ல.”

இயக்குநர் இருவரையும் பெருமையோடு பார்த்தார். “இதுதான் பிணைப்பு” என்றார்.

மார்கழி பிறக்கிற சமயத்தில் நிலையம் ஒரு தேசிய மாநாடு நடத்தியது. பல ஊர்களிலிருந்து பல் டாக்டர்கள் வந்திருந்தார்கள். உத்திராபதியைப் ‘பயனாளி’ என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டி முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். இயக்குநர் ஒலிபெருக்கி முன்னால் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, இப்படிப் பேசினார்.

“பெருமைக்குரிய அவையோரே, இந்த நிலையம் தொடங்கிய நாள் முதல் இன்று வரை, எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு அடைப்புகூடக் கழன்றதில்லை. கழன்றவை எல்லாம் நோயாளிகளிடம்தான் கழன்றிருக்கின்றன. குறை எங்கே இருக்கிறது என்பதை அவை நான் சொல்லாமலே உணரும். இருந்தாலும் நோயாளிகளை நாங்கள் கைவிடவில்லை. அவர்களால் எங்கள் முடிவுகள் பாதிக்கப்படாமல் பார்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். பிணைப்பு என்பது இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று விடாமல் இருப்பது. எங்கள் இரண்டு துறைகளும் தங்கள் தங்கள் நிலைப்பாட்டை இத்தனை மாதமாக விடாமல் இருக்கின்றன. இதைவிட வலுவான பிணைப்பை உலகத்தில் எந்த மெட்டீரியலிலும் காட்ட முடியுமா?”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு உத்திராபதியை மேடையேற்றிக் களிம்பை எடுத்துவிட்டு, வாய்க்குள் சின்ன கேமராவை விட்டார்கள். அவருடைய கடைவாய் திரை முழுக்க, ஒரு வீட்டு வாசல் அளவுக்கு விரிந்தது. நடுவில் கரும்பள்ளம். அதைப் பார்த்ததும் அவருக்கே மயக்கம் வரும்போல் இருந்தது.

“இது சிகிச்சைக்கு முந்தைய படம்” என்றார் இயக்குநர்.

“பிந்தைய படம்?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

“பிந்தைய நிலை குழுவின் பரிசீலனையில் இருக்கிறது. இவர் சிகிச்சையெல்லாம் முடிந்தவர். ஆனால் முந்தைய நிலையிலேயே இருக்கிறார். ஆய்வுக்கு இப்படி ஒருவர் கிடைப்பது அபூர்வம்.”

மறுபடியும் கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். மதியம் பிரியாணி. உத்திராபதி அதன் வாசனையைக் கடந்துபோய்த் தயிர்ச்சோறு வாங்கிக்கொண்டார். கைகழுவுகிற இடத்தில் இரண்டு டாக்டர்கள் அவருடைய பல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற அவரை இருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. வாயை மூடியிருந்தார் அல்லவா.

தை பிறக்கச் சில நாட்களே இருக்க, அறுப்புக்கு ஆள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் குழுவின் முடிவு வந்தது. இயக்குநரே கூப்பிட்டுச் சொன்னார்.

“ஏன் ஒட்டலன்னு துல்லியமா கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு ஐயா. அந்தப் பல்லை எடுத்துடணும். எடுத்து, குறுக்கால வில்லை வில்லையா அறுத்து, மறுபடி மெட்டீரியலை வச்சு, மெஷின்ல தள்ளிப் பார்க்கணும். எவ்வளவு அழுத்தத்துல விடுதுன்னு தெரிஞ்சுடும்.”

“தெரிஞ்சப்புறம் எனக்கு மறுபடி வச்சுடுவீங்களா?”

“எதை?”

“பல்ல.”

இயக்குநர் அன்பாகச் சிரித்தார். “நீங்க அறிவியலுக்கு ஒரு பல்லு கொடுக்கிறீங்க. அறுத்த பல்லுல எப்படிச் சாப்பிடுவீங்க?”

அந்த நேரத்தில் உத்திராபதிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. களிம்பு, பஸ், வரிசை, கஞ்சி என்று மாதக்கணக்கில் அலைந்ததில், எது நடந்தாலும் சரி, வரச் சொல்லாமல் விட்டால் போதும் என்றாகிவிட்டது. “சரிங்க, எடுத்துக்குங்க” என்றார். அவர் சொன்ன தொனியைக் கேட்டிருந்தால், யாரோ தெருவில் வைத்துவிட்டுப் போன பழைய நாற்காலியைப் பற்றிச் சொல்கிறார் என்றுதான் தோன்றும்.

பல்லைப் பிடுங்கும் பொறுப்பை எழில்மதியிடம் விட்டார்கள். ஒட்டாமல் வைத்தவளே எடுத்துவிடட்டும் என்று.

அன்றைக்குப் பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள். பெரியவர்களெல்லாம் மதியத்தோடு ஊருக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்த உத்திராபதி, ஊசி குத்தும் என்று காத்திருந்தார். குத்தவில்லை. கண்ணைத் திறந்தார். எழில்மதி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

“ஐயா, ஒண்ணு கேக்குறேன். இந்தப் பல்லு நல்ல பல்லு. வேர் நல்லா இருக்கு. படம் எடுத்துப் பார்த்துட்டேன், கிருமி எதுவும் கீழ இறங்கல. இதைக் காப்பாத்த முடியும். உங்களுக்கு என்ன வேணும்?”

“நீங்க எது சரின்னு நெனைக்கிறீங்களோ அதச் செய்ங்கம்மா.”

“அப்படிச் சொல்லாதீங்க. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கு. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். உங்க வாய் இது. நீங்க சொல்லுங்க.”

உத்திராபதி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். இத்தனை மாதத்தில் எத்தனையோ பேர் வாயைத் திறங்கள் என்றிருக்கிறார்கள். ஒருவர்கூட என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. கேட்டுவிட்டால் பதில் சட்டென்று வந்துவிடும் என்றுதான் நினைத்திருப்பார். வரவில்லை. கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கடிச்சுத் திங்கணும்மா” என்றார் கடைசியில். “குழைஞ்ச சோறு வேணாம். அடைச்சுடுங்க.”

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். கதவைச் சாத்தவில்லை, திருட்டுத்தனமாகச் செய்கிற மாதிரி அவளுக்கே தோன்றக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. களிம்பைச் சுரண்டினாள். வெளுக்கிற மருந்தால் பள்ளத்தைச் சுத்தம் செய்தாள். தன் பையிலிருந்து, கல்லூரித் தோழி ஒருத்தி மூலம் வரவழைத்து வைத்திருந்த வைட்டமின் சி தூளை எடுத்துக் கரைத்து, பல்லில் ஊற்றி, பொறுமையாகக் காத்திருந்து, அலசினாள். நாரத்தங்காய் போலப் புளித்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக சிமெண்டை வைத்து, ஒவ்வொரு தடவையும் நீல வெளிச்சம் காட்டி இறுக வைத்தாள். முதல்முறையாக ஒருவர் அவருடைய பல்லை, அதைச் சுற்றி ஓர் ஆள் இருக்கிறார் என்ற நினைப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடிங்க” என்றாள்.

கடித்தார்.

“உசரமா இருக்கா?”

“இல்லம்மா. இருக்குற எடமே தெரியல.”

பொங்கல் கழிந்து நிலையம் திறந்தபோது, லேபுக்கு வரவேண்டிய பல் வரவில்லை என்பது தெரிந்தது. எழில்மதிக்கு ஒரு குறிப்பாணை வந்தது. மேற்படி நோயாளியின் மேற்படி பல்லில், மேற்படி அடைப்பு, இரு துறைகளின் முன் அனுமதி இல்லாமல் உறுதியாக ஒட்டியிருப்பதாகத் தெரியவருகிறது. அது ஒட்டியதற்கான காரணத்தை எழுத்து மூலம் விளக்க வேண்டும். தவறினால் வேண்டுமென்றே ஒட்டியதாகக் கருதப்படும் என்று இருந்தது. குழு மறுபடி கூடியது. உத்திராபதியைச் சாட்சியாக அழைத்தார்கள்.

இந்தத் தடவை இரண்டு துறைத் தலைவர்களும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருக்கு நெருக்கமாக உட்கார்ந்திருந்தார்கள்.

“ஒட்டினதுக்குக் காரணம் வேர் சுத்தமா இருந்ததுதான்” என்றார் செந்தில்குமார். “அடித்தளம் நல்லா இருந்தா மேல எது வச்சாலும் நிக்கும்.”

“மெட்டீரியல் முதல்லயே நல்ல மெட்டீரியல்தான்” என்றார் விஷ்ணுப்ரியா. “இப்பதான் பல்லுக்குப் புத்தி வந்திருக்கு.”

“ரெண்டு துறையும் உரிமை கோருறதால, இது யாரோட பிணைப்புன்னு நாம தீர்மானிச்சாகணும்” என்றார் இயக்குநர். “அதுக்கு ஒரே வழி, பல்லை எடுத்து அறுத்துப் பார்க்கிறதுதான். ஐயா, கொஞ்சம் வாயைத் திறங்க.”

ஒட்டாவிட்டாலும் பிடுங்க வேண்டும், ஒட்டினாலும் பிடுங்க வேண்டும். உத்திராபதி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வாயைத் திறந்தால் கருவி உள்ளே வரும். பேசத் திறந்தால் எழில்மதியின் பெயர் வெளியே வரும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். நன்றாகவே கடிக்க முடிந்தது.

“ஐயா, வாயைத் திறங்க.”

திறக்கவில்லை.

“யாரு இதைச் செஞ்சது? குறிப்பாணை யாருக்குப் போனாலும், சாட்சி வாயால பேர் வந்தாத்தான் பதிவாகும். அனுமதி இல்லாம செஞ்சது யாருன்னு மட்டும் சொல்லுங்க.”

சொல்லவில்லை. இயக்குநர் கெஞ்சிப் பார்த்தார். செந்தில்குமார் அவர் கன்னத்தைத் தட்டிப் பார்த்தார். விஷ்ணுப்ரியா டார்ச்சை உதட்டில் அடித்துப் பார்த்தார். அரசலாற்றங்கரைப் பனை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் இயக்குநர் பேனாவை எடுத்தார்.

“தாடை பூட்டிக்கிச்சு. வாய் திறக்க இயலாமை. தாடைத்துறைக்கு அனுப்பிடுங்க.”

“தாடைத்துறை இன்னும் ஆரம்பிக்கல சார்” என்றார் செந்தில்குமார். “புதுச்சேரி உத்தரவு வரணும்.”

“வந்ததும் அனுப்புங்க” என்றார் இயக்குநர். அதற்குமேல் அந்தக் குழுவுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. பல்லும் சிமெண்டும் ஒட்டிக்கொண்டபின் இடைப்பட்ட இடம் என்று ஒன்று இல்லை. இடம் இல்லாததால் குழு கலைந்தது.

சாயங்காலம் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில், சுரக்குடி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த உத்திராபதியிடம் எழில்மதி வந்து சேர்ந்தாள். தோளில் பை, கையில் சுருட்டிய வெள்ளைக் கோட்டு.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒரு வார்த்த சொல்லலம்மா. உங்க பேரே எடுக்கல. வாயத் தொறந்தாத்தானே?”

அவள் அவரைப் பார்த்து, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாதவள் போல நின்றாள். “நான் காலையிலயே எழுதிக் கொடுத்துட்டேன் ஐயா. நான்தான் செஞ்சேன்னு. என்ன ஊத்தி அலசினேன், ஏன் ஒட்டுச்சுன்னு, எல்லாத்தையும்.”

“படிச்சாங்களா?”

“காகிதத்து மேல ‘வாங்கிட்டோம்’னு முத்திரை போட்டாங்க. படிப்பை ஆறு மாசம் நீட்டிச்சிருக்காங்க. அனுமதி இல்லாம ஒட்டினதுக்கு.”

உத்திராபதி அவள் கையிலிருந்த கோட்டைப் பார்த்தார். “என் ஒரு பல்லுக்காக உங்க படிப்பு போச்சேம்மா. அப்பாருக்குத் தெரியுமா?”

“போகல ஐயா, தள்ளிப் போகுது. அப்பாகிட்ட இனிமேதான் சொல்லணும்.” நடைமேடைக் கட்டையில் உட்கார்ந்தாள். அன்று முழுவதும் நின்றிருப்பாள் போல. “நாளைக்கு ஒரு அம்மா வராங்க, கிளிஞ்சல்மேட்டுலேர்ந்து. உங்கள மாதிரியே அவங்களுக்கும் கழண்டுடுச்சு. என்ன வேணும்னு அவங்ககிட்டயும் கேக்கணும்.”

“கேளுங்கம்மா” என்றார் அவர்.

சுரக்குடி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே திரும்பியது. ஆட்கள் இடம்பிடிக்க ஓடினார்கள். அவரும் கிளம்பினார்.

“ஐயா, ஒரு நிமிஷம். இன்னைக்கு எனக்குப் பார்க்கக் கிடைக்கல” என்று செல்போன் விளக்கைப் போட்டாள் எழில்மதி. “கொஞ்சம் காட்டுறீங்களா?”

பூ விற்கிறவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர், “சுரக்குடி, சுரக்குடி, ஏறுங்க” என்று கத்திக்கொண்டிருந்தார். உத்திராபதி வெளிச்சத்துக்கு நேரே தலையை அண்ணாந்து, வாயை ஆவென்று திறந்தார். அவள் எக்கி நின்று, ஓரங்களையெல்லாம் வெகுநேரம் பார்த்தாள்.

பஸ் கிளம்பிப் போயிற்று. அவர் வாயை மூடவில்லை.